பால்ராஜின் ஆள்காட்டி விரல்

துலுக்கானம் தன் அண்ணனின் இரண்டு கைப் பெருவிரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டி முடித்தபோது, வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. மடக்கி விட்டுப் பார்த்தார். மறுபடி நிமிர்ந்தது.

“போவும்போதும் நீட்டிகினு தான் போவாரு போல எங்கண்ணன்” என்று சொல்லி மூடியை இறக்கினார்.

ரேணுகா ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்கு அடியில் அப்பாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பால்ராஜ் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஆபீஸ் சூப்பிரண்டெண்டாக இருந்தவர். டாங்கிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற சூரர்களெல்லாம் அவருடைய சிவப்பு மைக்கு நடுங்கினார்கள். இங்கிலீஷில் ஒரு வார்த்தை கூடுதலாக விழுந்தால் போதும், அவருக்கு வயிறு உப்பிவிடும். ‘ரிட்டர்ன் பேக்’ என்று எழுதிய குமாஸ்தா ஒருவர், ரிட்டையர் ஆகும்வரை கேன்டீனில் பால்ராஜ் உட்காரும் பக்கம் டீ குடிக்கவே வரவில்லை. முத்தாபுதுப்பேட்டை பாத்திரக்கடையில் ‘ஃப்ரீ கிஃப்ட்’ என்று போர்டு வைத்திருந்தார்கள். “கிஃப்டுன்னாலே ஃப்ரீதானய்யா, காசு வாங்கிட்டா குடுப்ப?” என்று சண்டை போட்டு, குக்கரோடு வரவேண்டிய டிபன் பாக்ஸை வீசிவிட்டு வந்தார். அந்த டிபன் பாக்ஸை நினைத்து அவர் மனைவி புஷ்பா பெருமூச்சு விடாத தீபாவளி கிடையாது.

அலங்காரப் பேச்சு என்றால் இன்னும் மோசம். யாரையாவது ‘ஹார்ட் ஆஃப் கோல்டு’ என்று சொல்லிவிட்டால், “அப்ப அந்தாளு ஈசிஜிய சேட்டு கடையிலதான் எடுக்கணும்” என்பார்.

வீட்டில் இதற்கெல்லாம் சிவப்பு மை தேவைப்படவில்லை. விரல் இருந்தது. ரேணுகா இங்கிலீஷில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை அதிகமாகிவிட்டால் நாற்காலிக் கையில் ‘டொக்’. திரும்ப முதலிலிருந்து. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு ஒத்திகை பார்க்கும்போது டொக். விருந்தாளிகள் முன்னால் டொக். கல்லூரி முடித்து இன்டர்வியூவுக்குப் போன இடத்தில், எதிரே உட்கார்ந்திருந்தவர் சும்மா பேனாவை மேஜையில் தட்டினார். பாதி வாக்கியத்தில் வாயடைத்துப்போன ரேணுகா அதோடு எழுந்து வந்துவிட்டாள். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் செக்‌ஷன். அட்டைப்பெட்டிகளோடு பேச வேண்டியதில்லை.

அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. அப்பா முன்னால் ஒரே ஒரு தடவை, இங்கிலீஷில் தொடங்கியதைக் கடைசிவரை சொல்லி முடித்துவிட வேண்டும். வாசலில் பாடை தயாராகிக்கொண்டிருந்தது.

பென்ஷனர் சங்கத்து ஆட்கள் மாலையோடு உள்ளே வந்தார்கள். சங்கத்தில் யார் செத்தாலும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் இரங்கல் தீர்மானம் வாசிப்பது வழக்கம். இத்தனை நாளும் அதைத் திருத்திக் கொடுத்தவர் பால்ராஜ்தான். செயலாளர் பாஸ்கரனின் மனைவி இறந்தபோது, அவர் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்ததை பால்ராஜ் அடித்து அடித்து ஒரு வரியாக்கினார்: அம்மையார் இறந்தார், சங்கம் வருந்துகிறது. பாஸ்கரன் அதைத்தான் வாசித்தார்.

இன்று பாஸ்கரன் கையில் பக்கம் நிறைய எழுத்து. திருத்த ஆள் இல்லாத குஷி அதில் பொங்கி வழிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“தி சடன் அண்ட் அன்எக்ஸ்பெக்டட்...”

கண் தானாகப் பெட்டிப் பக்கம் போனது. விரலைப் பார்த்தார். காகிதத்தை இறக்கிவிட்டார்.

“எனக்கு வரலம்மா” என்றார் ரேணுகாவிடம். “அவர் எதிர்ல முழுசா படிச்சுப் பழக்கமில்ல. நீ படிச்சுடு.”

காகிதம் அவள் கைக்கு வந்தது. கூடத்தில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“தி சடன் அண்ட் அன்எக்ஸ்பெக்டட் டிமைஸ்” என்றாள். நிறுத்தினாள். திடீரென்று வருவது எதிர்பாராமல்தானே வரும் என்று அப்பா சொல்ல வேண்டிய இடம். காத்திருந்தாள். ஐஸ் பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“இன்னாமா நின்னுட்ட?” என்றார் துலுக்கானம். “படி. யாரு கேக்கப் போறா?”

“ஆஃப் அவர் லேட் மிஸ்டர் பால்ராஜ், ஹூ இஸ் நோ மோர்.”

செத்தவரை இரண்டு தடவை சாகடித்தாயிற்று. மோட்டார் சத்தம் மாறவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். ‘ஈச் அண்ட் எவ்ரி’ வந்தது. ‘பில்லர் ஆஃப் ஸ்ட்ரென்த்’ வந்தது. ‘ஹார்ட் ஆஃப் கோல்டு’ வந்தபோது பாஸ்கரன் தலை குனிந்துகொண்டார். காலையில் டாக்டர் அந்த இதயம் நின்றுபோனது என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். ரேணுகா ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. கடைசி வரியில், கீழே போட்டிருந்த சங்கத்தின் விலாசத்தையும் சேர்த்து வாசித்தாள்.

வெளியே மேளம் காய்ச்ச வைக்கோலைக் கொளுத்துகிற வாசனை வந்தது.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த புஷ்பா காலையிலிருந்து வாயே திறந்திருக்கவில்லை. இந்த வீட்டில் அவள் எதைச் சொல்ல வந்தாலும், சுருக்கமா சொல்லு என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பதில். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

“இன்னொரு வாட்டி படி ரேணு” என்றாள். “மெதுவா.”

ரேணுகா முதல் வரிக்குத் திரும்பினாள்.

புஷ்பா முந்தானையை எடுத்துக் கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்தாள். முகத்துக்கு நேராக அல்ல, கைக்கு நேராக. பிறகு அந்த விரலையே பார்த்தபடி கேட்கத் தொடங்கினாள்.