முதலாளி எழுந்து நின்றாள்

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை நான் முதலாளி ஆனேன். அது எப்படி என்று இன்றுவரை எனக்குச் சரியாக விளங்கவில்லை.

ஓசூர் சிப்காட்டில் வெங்கடப்பன் சாருடைய பட்டறையில் எனக்குப் பதினோரு வருட வேலை. வார்ப்பில் வரும் அலுமினியப் பாகங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் பதினைந்து பெண்கள் அரம் வைத்துத் தேய்த்து எடுப்பார்கள். கடைசியில் என் மேசைக்கு வரும். பிசிறோ கீறலோ மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். நான் போட்ட வட்டத்தை ஏன் என்று வெங்கடப்பன் சார்கூட ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, அவருடைய நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார். அமெரிக்கக் கம்பெனி ஒன்று நேராக ஆர்டர் தரப்போகிறதாம். பெண்கள் நடத்தும் தொழிலுக்கும் கறுப்பினத்தவர் நடத்தும் தொழிலுக்கும் அவர்களிடம் முதல் இடமாம். சாருடைய மனைவி அரசுப் பள்ளி டீச்சர், அவர் பெயரில் தொழில் நடத்த முடியாது. நடத்தினாலும் பிசிறு என்றால் என்னவென்று அந்தம்மாவுக்குத் தெரியாது.

"உனக்கு வேலை தெரியும் சுமலதா. யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லிடுவ. பேப்பர்ல பேர் மட்டும்தான்," என்றார்.

நீட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒளிப்பானேன், அந்த நாற்காலி நன்றாகத்தான் இருந்தது.

பேரிகை என்ற எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்து படிவத்தின் நகலைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் முனீஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தார். பெண் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது, கறுப்பினத்தவர் கட்டத்தை ஏன் காலியாக விட்டாய், உன்னைப் பார்த்த பிறகு எவன் இல்லை என்பான் என்று கிண்டல் வேறு. மனுஷன் என்னைவிட ரெண்டு பங்கு கறுப்பு, அது அவருக்கு ஞாபகமில்லை.

ஆனாலும் எனக்கு அந்தக் காலிக் கட்டம் உறுத்தியது. அந்த அமெரிக்கக் கம்பெனியின் பெங்களூர் ஆபீசிலிருந்து ஸ்வாதி என்ற பெண் போன் செய்தபோது கேட்டேவிட்டேன். அது அமெரிக்காவில் காலங்காலமாக ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்கு என்றாள். அப்படியென்றால் இங்கே ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த எங்கள் காலனிக்காரர்களுக்கு எந்தக் கட்டம் என்றேன்.

"அதுக்குக் கட்டம் இல்லீங்க மேடம்," என்றாள்.

வாழ்நாளில் முதல்முறையாக ஒருத்தி என்னை மேடம் என்கிறாள். சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று புரியவில்லை.

இதற்கு நடுவில் கிருஷ்ணகிரியில் தொழில் கடன் தரும் அரசு ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அஞ்சு மாதம் முன்னால் கடனுக்கு எழுதிப்போட்டிருந்தேன். ஆறு பெண்களை வைத்துச் சொந்தமாக ஒரு பிசிறு எடுக்கும் பட்டறை போட வேண்டும் என்பது என் ஆசை. அதை வெங்கடப்பன் சாரிடம் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஆபீசில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஏற்கனவே ஒரு கம்பெனி ஓடுதேம்மா. இது முதல்முறையா தொழில் ஆரம்பிக்கறவங்களுக்கு. அதுல இருந்து உங்க பேரை நீக்கிட்டு வாங்க, பார்க்கலாம்."

முதலாளி ஆகிவிட்டதால் இனி நான் முதலாளி ஆக முடியாது. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மறுநாள் என் பேரை எடுத்துவிட முடியுமா என்று சாரிடமே கேட்டேன். ஆர்டர் வரட்டும், ஒரு வருடம் போகட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். இப்போது கெடுத்தால் பதினைந்து பேர் வேலையும் போகும், அந்தப் பாவம் உனக்குத்தான் என்றும் சொன்னார். நான் என் மேசைக்குத் திரும்பிப் போனேன்.

அடுத்த வாரம் அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். டெனிஸ் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஸ்வாதி. நான் நாற்காலியில் இருந்தேன். வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது மேனேஜர் வேஷத்தில் வெங்கடப்பன் சார் உள்ளே வந்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவரும் யோசிக்காமல் நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருடப் பழக்கம் ரெண்டு பேரையும் ஒரே நொடியில் காட்டிக் கொடுத்தது.

டெனிஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் ஏன் எழுந்தீர்கள் என்று கேட்கிறார் என்றாள் ஸ்வாதி. பெரியவர்களுக்கு மரியாதை, எங்கள் பக்கத்துப் பழக்கம் என்று சார் முந்திக்கொண்டார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். எனக்கோ கிருஷ்ணகிரி கம்ப்யூட்டர்தான் கண்ணுக்குள் நின்றது.

"அவர்தாங்க முதலாளி. நான் செக்கிங் பார்க்கறவ. சொந்தமா ஒண்ணு ஆரம்பிக்கணும், இந்தப் பேரு அதுக்குக் குறுக்க நிக்குது," என்றேன்.

ஆர்டர் போயிற்று. வெங்கடப்பன் சார் தெலுங்கில் திட்டித் தீர்த்துவிட்டு, நாளையிலிருந்து வராதே என்றார். பதினைந்து பேரில் நாலைந்து பேர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது, இருந்தாலும் நான் செய்தது சரியா தப்பா என்று தெரியாமல் எட்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் எங்கள் காலனிக்கு வந்தார். எங்கள் தெருவில் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான். கையில் ஒரு பேப்பர். கம்பெனியை அவர் பெயருக்கு மாற்ற வேண்டுமாம், அதற்கு முதலாளி கையெழுத்து வேண்டுமாம்.

வாசலில் அவரைக் கண்டதும் நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் என்மேலேயே கோபம் வந்தது. திரும்ப உட்கார்ந்தேன். வீட்டில் இருப்பது ஒரே பிளாஸ்டிக் நாற்காலி, அவர் நின்றார்.

"கீழ ஒரு சைன் போடும்மா, வேற ஒண்ணுமில்ல," என்றார்.

இந்த முறை முதல் வரியிலிருந்து படித்தேன். தொழிலை நடத்தும் திறமை இல்லாத காரணத்தால் விலகிக்கொள்கிறேன் என்று நாலாவது வரியில் இருந்தது. மறுபடியும் படித்தேன். கை தானாக, நாற்காலியில் மாட்டியிருந்த என் பழைய வேலைப் பைக்குள் போயிற்று. சிவப்பு மார்க்கரை எடுத்து அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, பேப்பரை அவரிடமே நீட்டினேன்.

"இதைச் சரி பண்ணிக் கொண்டாங்க சார், போடறேன்."

அவர் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்கவில்லை.