மந்திரி சாய்ந்த சாயங்காலம்

கார்ட்டூன் தொடரில் முயலை வரைந்து ஆட்டிவைப்பதுதான் அவர் பிழைப்பு. காது நிமிர்ந்தால் சந்தோஷம், தொங்கினால் துக்கம், காலை நீட்டிப் பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்தால் மூர்ச்சை. அந்தக் கடைசி வித்தைக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முயலின் மனசு தனக்கு அத்துப்படி என்று மனிதர் நம்பிக்கொண்டிருந்தார், வீட்டுக்கு நிஜ முயல் வரும்வரை.

அது மகளோடு வந்தது. மகள் என்றால், போன மாதம் அவர் கைபிடித்தவளின் மகள். முயலின் பெயர் மந்திரி. வந்த அன்றே மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "மந்திரிக்கு இந்த வீடு பிடிக்கலைன்னா நாங்க ரெண்டு பேரும் மாமா வீட்டுக்கே திரும்பிப் போயிடுவோம்."

சொன்னதோடு நிற்காமல், துணிப்பெட்டியைப் பிரிக்காமலே கதவோரம் நிறுத்தியும் வைத்தாள்.

"சின்னப் பொண்ணு பேச்சு, விடுங்க" என்றாள் மனைவி. அவரால் விட முடியவில்லை. அந்தப் பெண் இங்கேயே இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை அவருக்கு.

மந்திரியோ முகம்கொடுத்துப் பேசுகிற ஆளில்லை. அவர் பல்லை இளித்துப் பார்த்தார், கீரையை நீட்டிப் பார்த்தார். திரையில் எடுபடுகிற எதுவும் அதனிடம் செல்லுபடியாகவில்லை. சோபாவுக்கடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் வீட்டிலிருந்தே வேலை. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடிக்கணினியில் மூழ்கி, மந்திரியை மறந்தே போனார். பாதத்தில் ஏதோ உரசியது. திரும்புவதற்குள் மந்திரி பொத்தென்று சாய்ந்தது. கால்கள் நீண்டன, கண் பாதி செருகியது, வெள்ளை வயிறு தெரிந்தது. அவரே எத்தனையோ தடவை வரைந்த அதே மூர்ச்சை.

அவர் மடிக்கணினியைத் தள்ளி வைத்தார். நேரம் பார்த்து வாசல் கதவும் திறந்தது. பள்ளிப் பையோடு மகள்.

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. திடீர்னு விழுந்துடுச்சு. வா, டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடலாம்!"

அவள் குனிந்து பார்த்தாள். "ஷ்ஷ்... தொடாதீங்க."

"மூச்சு இருக்கா?"

"தூங்குது. பயம் இல்லாத இடத்துலதான் இப்படித் தொப்புன்னு விழும். மாமா வீட்டுல தினம் விழும். இங்க வந்து இன்னிக்குத்தான்..." கொஞ்சம் பொறாமையோடு முடித்தாள்: "அதுவும் உங்க கால்கிட்ட போய்."

விலா நிதானமாக ஏறி இறங்குவதை அப்போதுதான் அவர் கவனித்தார். இத்தனை நாளும் நிம்மதியை வரைந்துவிட்டு அதற்கு மூர்ச்சை என்று பெயர் வைத்திருந்தோமே என்று சிரிப்பு பொங்கியது. வாய்விட்டுச் சிரித்தால் மந்திரி எழுந்துவிடும் என்று அடக்கிக்கொண்டார்.

இயக்குநர் போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மந்திரியின் தலை பாதத்தின் மேல் கிடந்தது, கால் மரத்துப்போயிருந்தது. அவர் அசையவில்லை.

கதவோரம் நின்ற பெட்டியை மகள் உள்ளறைக்கு இழுத்துப் போனாள். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், ரகசியம் போல:

"அலமாரில எனக்கு மேல்தட்டா, கீழ்த்தட்டா?"

"ரெண்டும் உனக்குத்தான்" என்றார் அவர், முயல் எழுந்துவிடாத குரலில்.