திருத்தக் கூடாத பிழை

என் கணவர் தாணுமாலயன் இறந்து நாற்பத்தோராம் நாள் தம்பானூரில் நான் வேலைபார்த்த தனியார் பஸ் புக்கிங் ஆபீசுக்குத் திரும்பினேன். கவுண்டர் கண்ணாடியில் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ். 'காலஞ்சென்ற தாணுமாலயன் எழுதிய புரோகிராமின் பிழையால் சில சீட்டுகள் ரத்தாகிவிட்டன. வருந்துகிறோம்.' டிக்கெட் கையில் இருந்தும் பஸ்ஸில் சீட் இல்லாதவர்கள் அவர் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆபீசின் பின்னறையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதிலிருந்து வயர் இழுத்து, கவுண்டரில் பச்சை எழுத்துத் திரைகள். தொண்ணூற்றொன்பதில் அவை ஒவ்வொன்றாக அணைந்தன. உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. சாதாரண பி.சி.யை அந்தத் திரையைப் போலவே நடக்கவைக்கும் புரோகிராமை இவர்தான் எழுதினார். பச்சை நிறம், பீப் சத்தம், எல்லாம் அதேபடி. பழைய திரையில் ரத்து பட்டனை இரண்டு தடவை அமுக்கினால்தான் ஒரு டிக்கெட் ரத்தாகும். கவுண்டரில் டிக்கெட் போடும் கௌசல்யாவுக்காக அந்தக் குறையையும் அப்படியே வைத்தார்.

"பத்து வருசமா ரெண்டு தடவ அமுக்கிப் பழகின விரலு பிள்ளே. மெஷினத் திருத்தலாம், கௌசல்யா விரலத் திருத்த முடியுமா?" என்று சிரித்தார்.

நான் இல்லாதபோது கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்த வெங்கிடேஷ் அதைத் திருத்தியிருந்தான். ஒரு தடவை அமுக்கினால் போதும். கவுண்டரில் யாரிடமும் சொல்லவில்லை. கௌசல்யா வழக்கம்போல இரண்டு தடவை அமுக்கினாள். முதல் அமுக்கில் கேட்ட டிக்கெட் போனது. இரண்டாவதில் அடுத்த வரியில் இருந்தவரின் டிக்கெட்.

மேசை இழுப்பறையிலிருந்து அவருடைய புரோகிராம் இருந்த ஃபிளாப்பியை எடுத்து வெங்கிடேஷிடம் நீட்டினேன். மேலே அவர் கையெழுத்து: 'ரத்துக்கு ரெண்டு அமுக்கு. திருத்தக் கூடாது.'

"இதப் பாக்கலியா நீ?"

"பாத்தேன் சேச்சி. தமிழ் வாசிக்கத் தெரியாது எனக்கு. ஆத்துல பேசறதோட சரி."

"பக்கத்துல கௌசல்யா இருந்தால்லா? அவகிட்டக் கேக்கதுக்கென்ன?"

"கேட்டான்க்கா, டீ எப்ப வரும்னு" என்றாள் கௌசல்யா.

அவன் பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டான். அரைமணி நேரத்தில் எல்லாம் சரியானது.

"சால்வ் ஆயாச்சு சேச்சி. இனி விடுங்கோ."

"நோட்டீஸ்?"

"மேனேஜர் சைன் பண்ணினது. போன ஆளுக்கு இனி என்ன வரப்போறது?"

ஒரு தாளில் மலையாளத்தில் பெரிதாக எழுதினேன்: 'தாணுமாலயன் புரோகிராமில் பிழை இல்லை. கேட்காமல் அதை மாற்றியவர் வெங்கிடேஷ்.' கீழே என் பெயர், விஜயம். பழைய நோட்டீஸ் மேலேயே ஒட்டினேன்.

"சேச்சி, அதக் கிழிங்கோ."

"நீ வந்து கிழி."

வரிசையில் முதலில் நின்றவர் அதை உரக்க வாசித்தார். பிறகு, "ஆரா ஈ வெங்கிடேஷ்?" என்று கேட்டார்.

விரலை நீட்டிக் காட்டினேன்.