மாதிரி வீட்டில் மாமனார்

கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த மாதிரி வீட்டைக் காட்டி, மற்ற வீடுகளை விற்பதுதான் அவள் வேலை. வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் ஆப்பிளைத் தட்டிப் பார்ப்பார்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

இந்த லட்சணத்தில் அவள் வீட்டிலோ குளியலறையை இடித்துப்போட்டிருந்தார்கள். தூசி மாமனாருக்கு ஆகாது. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. வேறு வழியில்லாமல் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"எதையும் தொட்டுடாதீங்க மாமா. இது மாதிரி வீடு."

அவர் சுற்றிப் பார்த்தார். டிவி வெறும் அட்டை. அலமாரிப் புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான் இருந்தது.

"மாதிரி வீடுங்கறே. வீடு மாதிரியே இல்லையேம்மா."

மேனேஜர் கூப்பிட்டார். கீழே போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, வீடு பார்க்க வந்திருந்த இளம் தம்பதியோடு அவள் மேலே வந்தாள். கதவைத் திறந்தாள். வாசலில் செருப்பு கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாகக் கிடந்தது. பால்கனிக் கம்பியில் துவைத்த பனியன் ஆடியது. பட்டுக் குஷன்களில் ஒன்றைத் தலைக்கும் ஒன்றைக் காலுக்கும் கொடுத்து, மாமனார் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா..." என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

எழுந்தவர் கொஞ்சமும் பதறவில்லை. "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல உட்காருங்க."

"இங்கேயே இருக்கீங்களா ஐயா?" என்று கேட்டாள் வந்த பெண்.

"காலையிலேருந்து இருக்கேன்" என்றார், உள்ளபடியே. "பால்கனியில காத்து பிச்சுக்கிட்டுப் போகுது. படுக்கையறைக் கதவு கிறீச்சுன்னு கத்தும். எண்ணெய் போட்டுடாதீங்க. யாரு எப்ப வர்றாங்கன்னு படுத்தபடியே தெரிஞ்சுக்கலாம்."

மருமகள் அவசரமாகக் குறுக்கே புகுந்து, சமையல் மேடை இறக்குமதிக் கல் என்று ஆரம்பித்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெண் சோபாவின் மூலையில் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள்.

"எங்களுக்கு இதே வீடுதான் வேணும். சாமானோட."

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "உங்க மாமனார் நாளைக்கும் வருவாரா?"

"வருவாரு சார். வீட்டைத்தான் வித்தாச்சே, எங்கே படுப்பாரு?"

தம்பதி குடிவந்த வாரமே போன் வந்தது. "உங்க மாமாவை ஒரு தடவை கூட்டிட்டு வர்றீங்களா? அன்னைக்கு இருந்த மாதிரி இல்லைங்க. ஏதோ லாட்ஜ்ல தங்கியிருக்கிற மாதிரி இருக்கு."

இருவரும் போனார்கள். செருப்புகள் அணிவகுத்து நின்றன. குஷன்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. புருஷனும் பெண்டாட்டியும் யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். சோபாவில் உட்காரப்போன மாமனார் பாதியில் நின்றார்.

"இதுல உங்க இடம் எது? தெரியாம உட்கார்ந்துடக் கூடாது பாருங்க."

"அந்த மூலை" என்றார்கள் இருவரும், ஒரே மூலையைக் காட்டி.

"அது என் இடம்" என்றாள் பெண்டாட்டி. "வீடு பார்க்க வந்தப்பவே நான்தான் அங்க உட்கார்ந்தேன்."

"ஒரு நாள் உட்கார்ந்தா பட்டா போட்டுக் குடுத்துருவாங்களா? காத்து அங்கதான் வரும்."

"அப்படியே உங்கப்பா. எங்க போனாலும் காத்து வர்ற இடமாப் பார்த்துப் பிடிச்சுக்குவாரு."

"எங்கப்பாவை எதுக்கு இழுக்கறே?"

ஒரு குஷன் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமாதானம் சொல்ல வாயெடுத்தவளை மாமனார் கண்ணைக் காட்டி அடக்கினார்.

"வாம்மா, போகலாம். அவங்க வீட்டு விஷயத்துல நாம எதுக்கு?"

வழியனுப்ப யாரும் வரவில்லை. கதவை அவரே சாத்தினார். லிப்டுக்காக அவர்கள் நின்றிருந்தபோது, உள்ளே சோபாவை யாரோ தரதரவென்று இழுத்துத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது.