கண்டி விலாசம்

சனிக்கிழமை காலை பதினொன்று எட்டுக்கு ஃபோன் அடித்தபோது, அஸீமா திகன வீட்டின் பின்பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையில் மஸீனா மாமி. கண்டியிலிருந்து.

"புள்ள, வந்துட்டாங்க!"

"யாரு மாமி?"

"யாரா? ஸ்கூல்ல இருந்துதான். ஒரு சேரும் ஒரு மேடமும். லேன்ல மேல் ஊட்டுல ஈக்கிறாங்க. கையில பெரிய லிஸ்ட். நம்ம ஊடு அஞ்சாவது. கெதியா வாங்க!"

அஸீமாவின் கையிலிருந்த ஈரச் சட்டை கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

திகனயிலிருந்து கண்டிக்குப் பதினாறு கிலோமீற்றர். பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். நான்கு வீடுகளைப் பார்த்து முடிக்க இரண்டு பேருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அவள் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வலன்ரைன் தன் திரீவீலரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! கண்டிக்குப் போகணும். இப்பவே!"

"சோப்பு நுரையாவது வழிக்கட்டுமா?"

"வேணாம் அண்ணே!"

நுரையோடு கிளம்பியது வண்டி. பின்சீட்டில் அஸீமா. மடியில் ஐந்து வயது றுமைஸா. காலடியில் ஒரு பெரிய பை. அதில் மூன்று பல் தூரிகைகள், பிள்ளையின் சப்பாத்து, பாடப் புத்தகங்கள், ஒரு கட்டு உடுப்பு. மூன்று வாரமாகக் கதவுக்குப் பின்னால் தயாராக இருந்த பை.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்புவரை அஸீமாவும் கணவன் நபீலும் கண்டியில் மஸீனா மாமியின் முன்னறையில் குடியிருந்தார்கள். ஓர் அறை, ஒரு ஜன்னல், அடுப்புக்கு ஒரு மூலை. அந்த ஓர் அறைக்குக் கொடுத்த வாடகைக்கே திகனயில் இரண்டு அறையும் குசினியும் பலா மரமும் உள்ள முழு வீடே கிடைத்தது. மாறினார்கள். ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்றவில்லை. முதலில் சோம்பல். பிறகு வேண்டுமென்றே.

வருகிற ஜனவரியில் றுமைஸா தரம் ஒன்று. நகரத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமானால் வீடு பக்கத்தில் இருக்க வேண்டும். இடாப்பில் பெயருக்குப் புள்ளி, தூரத்துக்குப் புள்ளி. கடைசியில், உண்மையாகவே அங்கே குடியிருக்கிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து பார்க்கும்.

அந்த ஆள்தான் இப்போது லேனில்.

பெருமைக்காக அஸீமா அந்தப் பள்ளிக்கூடத்தைக் கேட்கவில்லை. நபீலுக்குக் கண்டியில் துணிக்கடையில் வேலை. அவளுக்கு ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கிளார்க் வேலை. காலை ஆறேகால் பஸ்ஸுக்கு ஏறினால் வீடு திரும்ப மாலை ஆறரை. இப்போது பிள்ளையும் கூடவே வந்து, நகரத்தில் நேர்சரிக்குப் போய், மத்தியானம் மாமியிடம் இருக்கிறாள். கண்டியில் இடம் கிடைத்தால் இதே ஏற்பாடு ஓடும். கிடைக்காவிட்டால் திகனயில்தான் சேர்க்க வேண்டும். மதியத்துக்கு முன்னமே பள்ளிக்கூடம் விட்டுவிடும். பிள்ளை யார் வீட்டுக்குப் போகும்? அஸீமா வேலையை விட வேண்டியதுதான். ஒன்பது வருட வேலை.

"றுமைஸா, எங்க இருக்கிறன்னு கேட்டா?"

"நாப்பத்திரண்டு, பள்ளிவாசல் லேன், கண்டி."

"எவ்வளவு காலமா?"

"பிறந்ததுல இருந்தே."

கண்ணாடியில் வலன்ரைன் பார்த்தார். ஒரு கிலோமீற்றர் போன பிறகுதான் மனைவியின் பேச்சை எடுத்தார்.

"டொரதி அன்னைக்கே சொன்னா தங்கச்சி. பாப்பாவை எதுக்குக் கண்டிக்கு இழுத்துக்கிட்டு அலையணும்? இஸ்கூலு நம்ம வளைவுல இருக்கு. அவ நாள் முச்சூடும் தையல் மெஷின் முன்னாடிதான் உக்காந்திருக்கா. நான் பாத்துக்கிறேங்கிறா."

"பார்ப்பம் அண்ணே."

போன மாதமும் இதே 'பார்ப்பம்'தான். அடுத்த வீட்டில் தினமும் பிள்ளையை விடுவது எப்படி? கடமைப்பட்டுப் போகும். சாப்பாடு வேறு. அவர்கள் அடுப்பில் என்ன வேகும், ஹலால்தானா என்று வாய் விட்டுக் கேட்கவா முடியும்?

பல்லேகலவில் வண்டி நின்றது. முன்னால் பஸ், லொறி, வேன் என்று நெளிந்து கிடந்த வரிசை.

"என்ன அண்ணே?"

"ஸ்டேடியத்துல மேட்ச். மறந்தே போனேன்."

பதினொன்று இருபத்தாறு.

அஸீமா நபீலுக்கு அடித்தாள். "எங்க ஈக்கிறீங்க?"

"மாமி ஊட்டுல. கடையில சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். கட்டில்ல விரிப்பு போட்டாச்சு. கேத்தில்ல தண்ணி கொதிக்குது."

"சுவருல கலண்டர் ஈக்கா?"

"ஈக்கு. நான்தான் போன மாசம் கொண்டு வந்து மாட்டினேன்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

நபீலின் குரல் இறங்கியது. "திகன ஹார்ட்வெயார்."

"கழட்டுங்க!"

வலன்ரைன் ஹேன்டிலை இடப்பக்கம் திருப்பினார். "பின்னால ஒரு ரோடு இருக்கு. குலுக்கும். பாப்பாவை இறுக்கிப் புடிச்சுக்கங்க."

குலுக்கியது. றுமைஸா சிரித்தாள். குண்டசாலையில் பெரிய தெருவுக்கு ஏறி, தென்னகும்புர பாலம் தாண்டி, பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு லேன் வாசலில் நின்றது வண்டி. நுரை காய்ந்து வெள்ளைக் கோடுகளாகியிருந்தது.

நான்காவது வீட்டு வாசலில் இரண்டு சோடி செருப்பு. இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது அஸீமாவுக்கு. தூரிகைகள் கோப்பைக்குள். சப்பாத்து கதவோரம். புத்தகங்கள் மேசையில், ஒன்று திறந்தபடி. பிள்ளையின் சட்டை ஒன்றை நனைத்துப் பிழிந்து ஜன்னல் கொடியில் போட்டாள்.

"நீ பொலிஸ் வேலையில சேர்ந்திருக்கணும்," என்றான் நபீல்.

"பேசாம கதிரையைத் துடைங்க."

கதவு தட்டப்பட்டது.

மேடம் சிங்களத்தில் பேசினார். கண்ணாடி, குடை, நல்ல மனுஷி. உடன் வந்தவர் ஐம்பது வயதுக்காரர், நரைத்த தாடி. "நான் நளீர். அங்க கணக்குப் படிப்பிக்கிறேன்," என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஆவணங்களைப் பார்த்தார்கள். மின்சாரப் பட்டியல் மாமியின் பெயரில், வாடகை ஒப்பந்தம் நபீலின் பெயரில். மேடம் அலுமாரியைத் திறக்கச் சொன்னார். உடுப்பு இருந்தது. பல் தூரிகைகளை எண்ணினார். மூன்று.

நளீர் சேர் குனிந்து பிள்ளையைக் கேட்டார். "எங்க மகள் இருக்கிற?"

"நாப்பத்திரண்டு, பள்ளிவாசல் லேன், கண்டி. பிறந்ததுல இருந்தே."

கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில். ஆனால் மேடம் புன்னகைத்தார். பேனாவை எடுத்தார். படிவத்தில் இரண்டு இடத்தில் சரி போட்டார். மூன்றாவது, கடைசி இடத்துக்குப் பேனா நகர்ந்தது.

அப்போதுதான் லேன் முனைப் பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள்.

நளீர் சேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஆறு ஊடு ஈக்கு. பள்ளிவாசலுக்குப் போனா ஜமாஅத்துத் தொழுகை முடிய நேரம் போகும். இங்கயே தொழுதுக்கட்டா? ஒரு முஸல்லா தந்தாப் போதும்."

"தாராளமா சேர்!" என்றான் நபீல். குழாயைக் காட்ட அவரை உள்ளே அழைத்துப் போனான். மேடம் கதிரையில் சாய்ந்து, மாமி கொண்டுவந்த தேநீரை எடுத்தார்.

அஸீமா மாமியின் அறையிலிருந்து தொழுகை விரிப்பான முஸல்லாவை எடுத்து வந்தாள். உதறினாள். வாசல் கதவுக்கு முதுகு, குசினிப் பக்கம் முகம். ஒரே வீச்சில் விரித்தாள். யோசிக்கவே இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை செய்கிற வேலைக்கு யாராவது யோசிப்பார்களா?

நளீர் சேர் கை முகம் கழுவி, ஈரத் தாடியோடு வந்தார். முஸல்லாவின் முன் நின்றார். ஏறவில்லை.

ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நூறு அடியில் பள்ளிவாசல், தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் சுவர் பிதுங்கித் தெரிய நின்றது. மறுபடி முஸல்லாவைப் பார்த்தார். பிறகு குனிந்து, அதன் நுனியைப் பிடித்து, மெதுவாகச் சுற்றித் திருப்பினார். குசினியிலிருந்து வாசல் கதவுப் பக்கமாக. கிட்டத்தட்ட நேரெதிர்த் திசை.

நபீலின் முகம் வெளுத்தது. திகன வீட்டில் தொழும் திசையான கிப்லா குசினிப் பக்கம். இங்கே கதவுப் பக்கம். இந்த அறையில் மூன்று வருடம் தொழுதவன் அவன்.

நான்கு ரக்அத் தொழுது முடிக்க எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடமும் அஸீமா சுவரில் கலண்டர் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் எழுந்து முஸல்லாவை மடித்து அவள் கையில் கொடுத்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மகள், இந்த ஊட்டுல நீங்க கடைசியா தொழுதது எப்ப?"

நபீல் முந்திக்கொண்டான். "சேர், அவங்களுக்கு அவசரத்துல..."

"ரெண்டு வருஷம் ஈக்கும் சேர்," என்றாள் அஸீமா.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. முஸல்லா கையில் இருக்கும்போது வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மேடம் சிங்களத்தில், "என்ன சேர்?" என்றார்.

"ஒரு நிமிஷம் மேடம்." அவர் அஸீமாவின் பக்கம் திரும்பினார். "எங்க இருக்கிறீங்க இப்ப?"

"திகன. ரெண்டு பேருக்கும் வேலை இங்க சேர். புள்ளையப் பார்க்க அங்க ஆள் இல்ல. அதுதான்."

"விளங்குது. ஆனா நான் சரி போட ஏலா. இந்த லேன்லயே ஒன்பது புள்ளைகள் கேட்டிருக்கு. உங்களுக்குப் போட்டா அதுல ஒன்னு வெளியே." தாடியின் ஈரத்தைத் துடைத்தார். "நான் பொய் விலாசம்னு எழுதினா அது ஃபைல்ல நிக்கும். நீங்களே விண்ணப்பத்தை வாபஸ் வாங்குறதா ஒரு வரி எழுதித் தாங்க. விஷயம் இதோட முடியும். திகனயில இடம் ஈக்கும். கிராம சேவகர்கிட்ட சரியான விலாசத்துக்குக் கடிதம் வாங்கிக்கிட்டு திங்கக்கிழமையே போங்க."

நபீல் மனைவியைப் பார்த்தான். அவள் மேசையில் திறந்து கிடந்த பிள்ளையின் புத்தகத்தை மூடிவிட்டு, அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். ஒரு வரி. கையெழுத்து. வாபஸ் வாங்குகிறார்களாம் என்று நளீர் சேர் சிங்களத்தில் சொன்னதும், மேடம் தான் போட்ட இரண்டு சரிகளையும் ஒரு கோட்டால் வெட்டினார்.

அவர்கள் ஆறாவது வீட்டுக்குப் போனார்கள்.

"ஒரு தரம் என்னைக் கேட்டிருக்கலாமே, எந்தப் பக்கம்னு," என்றான் நபீல்.

"நீங்க விரிச்சிருக்கலாமே."

அவன் கழட்டி வைத்த கலண்டரை எடுத்துச் சுருட்டினான். பிறகு, "நாளைக்கு நானும் கிராம சேவகர் ஊட்டுக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினான். சனிக்கிழமைக் கூட்டம்.

வலன்ரைன் லேன் முனையில் காத்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார். மேட்ச் ஆரம்பித்துவிட்டதால் பல்லேகல ரோடு காலியாகக் கிடந்தது.

"அண்ணே," என்றாள் அஸீமா, ஸ்டேடியம் தாண்டியதும். "டொரதி அக்கா இன்னும் அதே எண்ணத்துல ஈக்கிறாங்களா?"

"எந்த எண்ணம்?"

"தெரியாத மாதிரி கேட்காதீங்க."

"நீங்க இத்தனை நாளு தெரியாத மாதிரி இருந்தீங்களே, நான் ஒரு நிமிஷம் இருக்கப்படாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாப்பாடு நான் காலையிலயே கட்டி வச்சிடுவேன் அண்ணே. அதுல ஒன்னும் நெனைக்கக் கூடாது."

"அவ முட்டை அவிக்கக்கூட உங்ககிட்டதான் ஒரு சட்டி கேட்கணும்னு இருக்கா. தனியா வச்சுக்குவாளாம். போன மாசமே சொன்னா. நீங்க 'பார்ப்பம்'னதால நான் சொல்லல." வளைவில் ஹோர்ன் அடித்தார். "கட்டுறதுன்னா எனக்கும் ஒரு பார்சல் சேத்துக் கட்டுங்க."

திகனப் பள்ளிக்கூடத்தைத் தாண்டினார்கள். மஞ்சள் சுவர், பூட்டிய கேட். அங்கிருந்து வீட்டுக்கு நடந்தால் நான்கு நிமிடம். இரண்டு வருடத்தில் அஸீமா அதை வெளிச்சத்தில் பார்த்ததே குறைவு.

றுமைஸா தாயின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "உம்மா, இனி யாராவது கேட்டா எங்க இருக்கிறன்னு சொல்லணும்?"

"திகன."

"நம்பர்?"

அஸீமா வாயைத் திறந்தாள். வரவில்லை. அந்த நம்பரை அவள் எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை.

வண்டி நின்றதும் பிள்ளை குதித்து இறங்கி ஓடியது. பலா மரத்துக்குக் கீழே, கேட் தூணில், சுண்ணாம்புக்கு அடியில் பாதி மறைந்திருந்த இலக்கங்களை விரலால் தடவி உரக்கப் படித்தது.

"ஒன்னு! ஒன்னு! எட்டு!"

"இன்னொரு தரம் சொல்லு," என்றபடி அஸீமா பையை இறக்கி வைத்தாள். பிறகு தன் கேட்டைத் திறக்காமல், பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றினாள்.

"டொரதி அக்கா, உள்ள ஈக்கிறீங்களா?"

தையல் மெஷின் சத்தம் நின்றது.