குட்டைத் தூர்கள்

உரக்கடை கெங்குக்கு யின்ஃபெங் தர வேண்டியது மூவாயிரத்து எண்ணூற்று அறுபது யுவான். அறுப்பு முடிந்ததும் வயலோரத்திலேயே கோதுமையாக நிறுத்துத் தருவதாகப் பேச்சு. ஆனால் கல்லறைக்குப் படையல் வைக்கும் ச்சிங்மிங் நாள் கழிந்த சில தினங்களில், ஹெனான் சமவெளியெங்கும் உறைபனி விழுந்துவிட்டது. பயிர் தண்டுக்குள் கதிரைச் சுமந்து நின்ற நேரம்.

வெயில் ஏறியதும் இலைகள் பச்சையாகத்தான் நிமிர்ந்தன. கெங் வரப்பில் நின்றபடி நெட்டைத் தண்டு ஒன்றைப் பிடுங்கி நகத்தால் பிளந்தார். உள்ளே சின்னக் கதிர் வெளுத்துத் துவண்டு கிடந்தது.

“பாத்தியா தங்கச்சி, வயித்துக்குள்ளயே செத்துப்போச்சு. பச்சையா இருக்கறப்பவே என் மச்சானோட மாட்டுப் பண்ணைக்கு அறுத்துக்கறேன். கடன் மொத்தமும் தள்ளுபடி.”

“சரின்னு சொல்லேன்டி,” என்றான் யின்ஃபெங்கின் கணவன் ஷுன்லியாங். “இதவிட நல்ல பேரம் எங்க கிடைக்கும்?”

“வருஷம் பூரா மாவுக்கு என்ன வழி? உன்னை அரைச்சுப் பிசையவா?”

சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கி மண்டியிட்டாள். ஊரில் எல்லாரும் கைக்கு எட்டும் நெட்டைத் தண்டைத்தான் பிளந்து பார்ப்பார்கள். அது முந்திக்கொண்டு வளர்ந்தது. பனியில் முதலில் மாட்டியதும் அதுதான். அவள் அதே வேரிலிருந்து பிந்திக் கிளைத்து, அடியில் ஒளிந்திருந்த குட்டைத் தூர்களைப் பிளந்தாள். முதலாவது வெளுப்பு. அடுத்ததும் வெளுப்பு. இன்னும் உள்ளே போய் ஒன்றைப் பிளந்தபோது, கதிர் ஈரக் கண்ணாடிபோலப் பச்சையாக மினுங்கியது. பக்கத்துத் தூரிலும் அப்படியே.

“அறுக்க விடமாட்டேன். ரெண்டு மூட்டை யூரியா கடனாக் குடுங்கண்ணே.”

கெங் சிரித்தார். “செத்தவனுக்குக் கஞ்சி ஊத்தப் போறியா?”

“அவன் தம்பிங்க உசுரோட இருக்காங்க. அவங்களுக்குத்தான்.”

“தர்றேன். அதுவும் கணக்குல ஏறும்.”

“ஏறட்டும்.”

அன்றே ஷுன்லியாங் முணுமுணுத்துக்கொண்டே பம்புக் குழாயை இழுத்தான். அவள் உரம் வீசி, மடை மடையாகத் தண்ணீர் கட்டினாள். இடுப்பு விட்டுப்போனது. பக்கத்து வயல்கள் மாட்டுத் தீவனமாகி மொட்டையாக நின்றன.

மே மாதம் நெட்டைத் தண்டுகளில் வெள்ளைப் பதர்க்கதிர் தலைநீட்டியது. அதற்கடியில் குட்டைகள் ஒவ்வொன்றாய்க் கதிர் தள்ளிப் பால்பிடித்தன. “தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில நிக்கிறாங்க,” என்று ஊர் சிரித்தது. குட்டைகள் முற்றட்டும் என்று அவள் அறுப்பைத் தள்ளிப்போட்டாள். மழை வந்துவிடும் என்று அறுப்பு இயந்திரக்காரன் திட்டினான். அவள் அசையவில்லை.

விளைச்சல் போன வருஷத்தைவிட வெகு குறைவுதான். தராசில் மூட்டைகள் ஏறி இறங்கின. பழைய கடன், யூரியாக் காசு இரண்டும் போக, வருஷத்து மாவுக்கு மட்டும் கோதுமை மிஞ்சியது. புதுச் சட்டைக்குக்கூட இல்லை.

கெங் கடைசி மூட்டையின் வாயைக் கட்டினார். “தீர்ந்துச்சு, தங்கச்சி.”

“இன்னொரு தரம் சத்தமாச் சொல்லுங்கண்ணே. சிரிச்சவங்களுக்கும் கேக்கட்டும்.”

கெங் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர்க்காரர்கள் நின்ற வரப்பைப் பார்த்துக் கத்தினார்: “தீர்ந்துச்சு!”