வெள்ளைச் சுறாவும் கெர்பரின் வண்டியும்

நேற்று தெம்பேகா ஒரு தவறு செய்துவிட்டாள். ஃபிஷ் ஹூக் கடற்கரைக்கு மேலே மலைச்சரிவில் உட்கார்ந்து, வெள்ளைச் சுறா வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கடற்பாசிக் கொத்து ஒன்றைச் சுறா என்று நினைத்து சைரனை அலறவிட்டாள். பள்ளிப் பிள்ளைகளின் நீச்சல் போட்டி பாதியில் நின்றது. ஊரே கேலி செய்தது. இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்று மேலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதற்காகக் கண் அவிந்துபோய்விடுமா என்ன? இன்று காலை, அலை உடையும் இடத்துக்கு வெளியே அந்தக் கருநிழலைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாசி அலையோடு ஆடும். இது அலையைச் சட்டை செய்யாமல் நேராக வந்தது. யோசிக்கவே இல்லை, சைரனைப் போட்டாள். கீழே கடற்கரையில் அவளோடு வேலை பார்க்கும் டெல்வின், சுறா படம் போட்ட வெள்ளைக் கொடியை ஏற்றினான்.

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கரையேறினார்கள், கிழவர் கெர்பரைத் தவிர. நேற்று பேரனின் போட்டி கெட்டுப்போன கடுப்பு அவருக்கு. மல்லாந்து மிதந்தபடி மலையைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

தெம்பேகா வாக்கி-டாக்கியை எடுத்தாள். "டெல்வின், என்ன சொல்றார் அந்த மனுஷன்?"

"பாசியக் கண்டா அலறுற பொண்ணுக்கு வணக்கம் சொல்லுங்கிறார் அக்கா. மெகாபோன்ல கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு."

நிழல் அவர் பக்கம் திரும்பியது. தெம்பேகாவுக்குப் புத்தி கலங்கவில்லை. அந்தக் கிழவருக்கு உயிரைவிட எது பெரிது என்று ஊருக்கே தெரியும். சாலையோரம் நிற்கும் அந்தப் பச்சை பிக்கப் வண்டிதான். மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் அதற்கு மெழுகு பூச மறக்கமாட்டார்.

"டெல்வின், சுறாவ விடு. உங்க வண்டிய எவனோ கெளப்புறான்னு சொல்லு."

"பொய்யா அக்கா? உன் வேலைக்கே உலை வச்சிடுவார்."

"வைக்கட்டும். நீ சொல்லு."

டெல்வின் சொன்னான். கெர்பர் புரண்டார். அந்த வயதில் அப்படி நீந்த முடியும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தண்ணீர் தெறித்தது, நிழலும் வேகம் பிடித்தது. அவர் கால் மணலில் பட்டு, எழுந்து ஓடும்வரை தெம்பேகா தொலைநோக்கியை இறக்கவில்லை. அவர் மிதந்த இடத்தில் நிழல் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஆழத்துக்குள் இறங்கியது. வெயில் பளபளப்பில் கீழே இருந்த யார் கண்ணிலும் அது படவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாக்கி-டாக்கி வழியே கெர்பரின் கத்தல் கேட்டது. "வண்டி நிறுத்துன எடத்துலயேதான் நிக்குது. எங்கடா சுறா? எவனாவது பாத்தீங்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை.

"அக்கா," டெல்வின் குரலைத் தாழ்த்தினான், "நெசமாவே வந்துச்சா?"

"அவர் மெதந்த எடத்துல ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போச்சு."

அவன் தண்ணீரை விட்டு இரண்டடி தள்ளி நின்றான். பிறகு, "பேனா கேக்குறார் அக்கா. புகார் எழுதி உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் மறுவேலையாம்."

தெம்பேகா தொலைநோக்கியை மறுபடி கண்ணில் வைத்தாள்.

"குடு, எழுதட்டும். எழுதக் கை இருக்குல்ல."